ஒரு கப் மைதா 250 கிராம் அல்ல

‘ஒரு கப் என்றால் 250 கிராம், எந்தப் பொருளுக்கும் இதே கணக்கு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அட்டவணை தவறு. கப் என்பது கொள்ளளவு, சுமார் 240 மி.லி. மில்லிலிட்டரும் கிராமும் ஒத்துப்போவது தண்ணீருக்குத்தான். அதே கப்பில் சர்க்கரை 200 கிராம் பிடிக்கும். மைதா ஏறக்குறைய 120 முதல் 125 கிராம்தான். அட்டவணையை நம்பி 250 கிராம் கொட்டினால் மாவு இரட்டிப்பாகும். கேக் வறண்டு, மேலே வெடித்து, உதிரும்.

கப்பை மாவுக்குள் விட்டு அள்ளுவதும் கெடுதலே: மாவு அமுங்கி 140, 150 கிராம்கூட ஏறிவிடும். தராசு இல்லையென்றால் மாவைக் கிளறித் தளர்த்தி, கரண்டியால் கப்பில் நிரப்பி, கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். கப்பைத் தட்டவே கூடாது. சமையல் தராசு இருந்தால் இந்தப் பாடே இல்லை.