கேமரா வைத்திருப்பவள் சம்பளமில்லாத ஆள் அல்ல

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பக் காதுகுத்தில் நான் கேமராவோடு படம் எடுத்ததும், அதன்பின் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓடியதும் இங்கே பலருக்குத் தெரியும். பேசாமல்தான் இருந்தேன். "இந்தக் காலத்தில் போனே போதும், இவ்வளவு பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிவதெல்லாம் வீண் பந்தா" என்று மாமா எழுதியதற்கு விழுந்த கைதட்டல்களைப் பார்த்த பிறகு முடியவில்லை. கைதட்டியவர்களில் பாதிப் பேர் ஞாயிறு காலையில் "எங்களையும் ஒன்று எடு" என்று என் முன்னால் நின்றவர்கள்.

போன் போதும் என்றால் போனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். என்னை விடியற்காலையில் வரச்சொல்லாதீர்கள்.

என்னுடையது டிஎஸ்எல்ஆர், உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றிப் போடும் கேமரா. அதில் குறையே இல்லை என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. என் கேனன் 1500டி பேட்டரியோடு 475 கிராம். லென்ஸ்கள், ஃபிளாஷ், பை எல்லாம் சேர்ந்தால் மாலையில் தோள்பட்டை இற்றுப்போகிறது. 4கே வீடியோ கிடையாது. மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். லென்ஸ் மாற்றும்போது, வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரில் தூசி விழுந்தால் எடுக்கும் வானத்திலெல்லாம் ஒரு கரும்புள்ளி. 2020-க்குப் பிறகு கேனனும் நிகானும் புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டார்கள். தெரியும். அதனாலேயே நல்ல பழைய லென்ஸ்கள் இன்று என்னைப் போன்றவர்கள் வாங்கும் விலைக்கு வருகின்றன என்பதும் தெரியும்.

ஆனால் அந்தப் பந்தலை நினைத்துப் பாருங்கள். கோயில் முன்னால் நீலச் சாமியானா. வெயில் அதன் வழியாக இறங்கி எல்லார் முகத்திலும் நீலம் பூசியிருந்தது. போதாததற்குப் பொங்கல் அடுப்புப் புகை. ரா கோப்பாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக, எடுத்ததால்தான் அந்த முகங்களுக்கு அவற்றின் நிறத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடிகிறது. போனிலும் ரா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வெளிச்சத்தை அதிகம் வாங்கும் இவ்வளவு பெரிய சென்சார், 22.3-க்கு 14.9 மில்லிமீட்டர், பெரும்பாலான போன்களில் இருக்கிறதா?

தாய்மாமன் மடியில் குழந்தை. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஆசாரி ஊசியை வைத்ததும் கண் விரிந்து, கீழுதடு பிதுங்கி, அழுகை இன்னும் வெளியே வராத அந்த நொடி! டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிவது திரை அல்ல, லென்ஸ் வழியே வந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். பார்த்தேன், அழுத்தினேன், விழுந்தது. அந்தப் படத்தை உடனே வேண்டும் என்று கேட்டு வாங்கி, அன்றிரவே முகப்புப் படமாக வைத்தவர் மாமா. எடுத்தது யார் என்று ஒரு சொல் இல்லை. மறுநாள் காலையில்தான் "போனே போதும்".

இந்தக் கேமராவை வாங்கியபோது அத்தை, "அந்தக் காசுக்கு நகை எடுத்திருக்கலாமே" என்றார். அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரைகளை எடுத்துவிட்டு அப்பாவிடம் நீட்டினேன். பின்திரையில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தவர், "பெரியதன் அலகு நடுவில் இடைவெளி இருக்கிறது, குஞ்சுக்கு இல்லையே" என்றார். உண்மைதான், குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருப்பதில்லை, வளர வளரத்தான் வரும். ஓய்வு பெற்ற பிறகு எதிலும் ஒட்டாமல் இருந்த மனிதர் அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை பறவைகளைப் பற்றியே பேசினார். எந்த நகை இதைத் தந்திருக்கும்?

"குடும்பத்துக்குச் செய்வதில் கணக்குப் பார்க்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் எப்போது காசு கேட்டேன்? கிடா விருந்தில் கடைசிப் பந்தியில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதைக்கூடச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. என் உழைப்பை இலவசமாக வாங்கிக்கொள்ளுங்கள், கொடுக்கிறேன். வாங்கிய கையோடு அதை வீண் என்று சொல்லாதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சித்தி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வருவேன், கேமரா வராது. ஸ்டுடியோவில் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். காதுகுத்துப் படங்களை நிறம் சரிசெய்து, பென்டிரைவில் போட்டு, அடுத்த ஞாயிறுக்குள் குழந்தையின் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். அதுவரை "ஆயிற்றா, ஆயிற்றா" என்று யாரும் என்னை அழைக்க வேண்டாம்.