புதுவீடும் கைக்குழந்தையும்: வெளிநாட்டில் இருக்கும் தந்தை எப்போது வர வேண்டும்?

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் சித்திரையும் வைகாசியும் புதுமனை புகும் மாதங்கள். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம் என்று எந்தச் சாலையில் சென்றாலும் வாழைமரம் கட்டிய வாசல் ஒன்றையாவது இந்த இரண்டு மாதங்களில் காணலாம். பங்குனியும் ஆடியும் மார்கழியும் ஆகாது என்பது ஒரு காரணம். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நீடிப்பதால், ஏறத்தாழச் சித்திரை, வைகாசி முழுவதும் படகுத் தொழிலில் இருக்கும் ஆண்கள் கரையில் இருப்பது இன்னொரு காரணம். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் வேலை பார்ப்பவர்களும் முகூர்த்தத்தையும் பள்ளி விடுமுறையையும் கணக்கிட்டு அதே வேளையில்தான் விடுப்பில் வருகிறார்கள். வந்தவர்கள் பந்தல்காரரையும் சமையல்காரரையும் பார்ப்பதிலும், பத்திரிகை வைப்பதிலும், மொய் நோட்டைச் சரிபார்ப்பதிலும் விடுப்பைக் கழித்துவிட்டு, வீட்டுக்குள் சாமான்கள் இடம் பிடிக்கும் முன்பே விமானம் ஏறிவிடுகிறார்கள்.

இந்த வழக்கம் மாற வேண்டும் என்பது என் கருத்து. எல்லோருக்காகவும் இதைச் சொல்லவில்லை. கைக்குழந்தை இருக்கும் இளம் குடும்பம் புதுவீட்டுக்குக் குடியேறும்போது, தந்தையின் விடுப்பு பால் காய்ச்சும் நாளைச் சுற்றி அமையாமல், குடியேறிய பின் வரும் மாதங்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அப்படிச் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

எங்கள் மகள் தொண்டியில் என் தாய் வீட்டில் பிறந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்ற முறைப்படி அவளுடைய ஐந்தாம் மாதம் வரை நான் அங்கே இருந்தேன். மகள் பிறந்த வேளையில் என் கணவரால் வர இயலவில்லை. உச்சிப்புளிக்குக் கிழக்கே நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீடு வைகாசியில் முடியும் என்று தெரிந்ததும், இருக்கிற விடுப்பை எப்போது எடுப்பது என்ற பேச்சு எழுந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓராண்டு பணி முடித்தவருக்குச் சட்டப்படி 30 நாள்கள் விடுப்பு. சவூதி அரேபியாவில் அது 21 நாள்களில் தொடங்கி, ஐந்தாண்டுப் பணிக்குப் பிறகு 30 நாள்களாகிறது. இரண்டு ஆண்டு விடுப்பைச் சேர்த்து வைத்து எடுப்பவர்கள்தான் நம் ஊரில் மிகுதி. என் கணவரும் அப்படிச் சேர்த்து வைத்திருந்தார். அதை வைகாசியில் எடுப்பதா, மகளுக்கு ஒன்பது மாதம் நிறையும் ஆடிக் கடைசியில் எடுப்பதா என்று நாங்கள் இருவரும் பல இரவுகள் பேசி, ஆடிக் கடைசி என்று முடிவு செய்தோம்.

உறவினர் வருத்தப்பட்டார்கள். "வீட்டுக்காரன் இல்லாம என்னத்தா பால் காய்ச்சுறது?" என்று அத்தை கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த கவலையை நான் மதிக்கிறேன். தன் மகன் வெயிலில் நின்று சம்பாதித்துக் கட்டிய வீட்டின் அடுப்பில் முதல் பால் பொங்கும்போது அவன் அருகில் நிற்க வேண்டும் என்று ஒரு தாய் நினைப்பதில் குறை சொல்ல எதுவுமில்லை. கடைசியில் அத்தையே அடுப்பை மூட்டினார், மாமா தீபம் ஏற்றினார், நெருங்கிய உறவினர் மட்டும் உண்டு சென்றார்கள். பந்தலுக்கும் விருந்துக்கும் என்று எடுத்து வைத்திருந்த தொகையில் பெரும்பகுதி அப்படியே மிஞ்சியது. அந்தத் தொகை என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும் முன் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்தக் கரையில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்: மணலுக்கு அடியில் மழைநீர் உப்பு நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. அளவாகத் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும். ஆசைப்பட்டு ஆழமாகப் போர் போட்டு மோட்டாரால் இழுத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலேறிவிடும். எங்கள் மனையில் முன்பு இருந்தவர் போட்ட போர் அப்படித்தான் உவர்த்துப் போயிருந்தது. பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் அது போதும். குடிக்கவும் சமைக்கவும், குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சவும், அவளைக் குளிப்பாட்டவும் நல்ல தண்ணீர் வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்குழாய் எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கிறது. இராமநாதபுரத்துப் பெண்கள் குடங்களை அடுக்கித் தள்ளிச் செல்லும் அந்தத் தள்ளுவண்டியை வெளியூர்க்காரர்கள் வியப்புடன் படம் பிடிக்கிறார்கள்; எங்களுக்கு அது நாளின் முதல் வேலை. வைகாசி முதல் ஆடி வரை நானும் அத்தையும் முறை வைத்துத் தள்ளினோம். ஒருவர் தண்ணீருக்குப் போனால் மற்றவர் குழந்தையிடம் இருக்க வேண்டும், அடுப்பு அணைந்திருக்க வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்கள் என்பதால் கூட்டிய தரையில் ஒரு மணி நேரத்தில் மீண்டும் மணல் சேரும், அந்தத் தரையில்தான் குழந்தை தவழ வேண்டும்.

என் கணவர் வந்ததும் முதல் வேலையாக அந்த மிச்சத் தொகையில் ஒரு மூடிய தரைத்தொட்டி கட்டினார். மொட்டைமாடியில் விழும் மழைநீர் வடிகட்டியின் வழியாக அதற்குள் வரும்படி குழாய் அமைத்தார். மழைநீர் சேமிப்பு அமைப்பைத் தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பலர் அதைக் குழி ஒன்று தோண்டிக் கணக்குக் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றில்தான் கிடைக்கிறது. ஐப்பசிக்குள் தொட்டி தயாராக இல்லையென்றால் இன்னோர் ஆண்டு காத்திருக்க வேண்டும். விருந்துக்கு வந்தவர்கள் யாருக்கும் இந்தத் தொட்டி நினைவில் நிற்கப் போவதில்லை. ஆனால் வாடைமழை பெய்த பிறகு மகளைக் குளிப்பாட்டும் தண்ணீருக்கு நான் வண்டி தள்ளவில்லை. வைகாசியில் விருந்தை முடித்துவிட்டுப் புறப்பட வேண்டியவராக அவர் வந்திருந்தால், இந்த வீட்டுக்கு எது குறை என்பது அவருக்குத் தெரியும் முன்பே விடுப்பு முடிந்திருக்கும். ஏனெனில் ஒரு வீட்டின் குறைகள் அதில் சமைத்து, துவைத்து, குழந்தையை வளர்த்துப் பார்த்த பிறகுதான் தெரிய வருகின்றன.

எனினும் என் வாதத்தின் மையம் தண்ணீர்த்தொட்டி அன்று. அதைக் கொத்தனாரைக் கொண்டு யாரும் கட்டிவிடலாம். தந்தையைத் தவிர வேறு எவராலும் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது.

எட்டு, ஒன்பது மாத அளவில் குழந்தைகள் அறிமுகமில்லாத முகங்களைக் கண்டு அஞ்சத் தொடங்குகிறார்கள். அது வளர்ச்சியின் இயல்பான அடையாளம். என் மகளுக்கு அவளுடைய தந்தை, உள்ளங்கை அளவுள்ள திரையில் தினமும் இரவில் தோன்றும் ஒரு முகம். அவர் வாசலில் வந்து நின்று கைகளை நீட்டியபோது அவள் அலறி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதைவிட எங்களை உலுக்கியது அடுத்த நாள் நடந்தது. அவர் அவளுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லி அழைத்தார். குரல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். அவள் மகிழ்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டில்மேல் கிடந்த கைப்பேசியை நோக்கித் திரும்பினாள். அவர் ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்புறம் போனார்.

அந்தக் குழந்தை தந்தையிடம் தானாகப் போவதற்கு இரண்டு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. முதலில் அவர் தரையில் உட்கார்ந்து அவளைப் பாராமல் அவளுடைய கிண்ணங்களை அடுக்கினார். பிறகு அவளுக்கு ஊட்டும் வேலையை எடுத்துக்கொண்டார். அதன்பின் மாலையில் கடற்கரைக்குத் தூக்கிச் சென்றார். ஒரு நாள் அவள் அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இந்த இரண்டு வாரங்களை, பத்திரிகை வைப்பதற்காக வீடு வீடாக அலையும் ஒரு தந்தை எங்கிருந்து எடுப்பார்? கூட்டம் நிறைந்த வீட்டில், ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவே, கைமாறிக் கைமாறிப் போய் அழும் குழந்தைக்கு அவர் எப்போது அறிமுகமாவார்? குறுகிய விடுப்பை விழாவுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் தந்தையர், தம் குழந்தையின் அச்சம் நீங்கும் முன்பே கிளம்பிப் போகிறார்கள். அவர்கள் திரும்ப வரும்போது அதே அச்சம் மறுபடி தொடங்குகிறது. இந்தக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன். இதைப் பேசுவதற்கு நாம் ஏன் தயங்குகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

நம் முன்னோர் குழந்தையின் இந்தப் பருவங்களைச் சிறியவை என்று எண்ணியதில்லை. பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களாகப் பாடப்படுகிறது. கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரை என்றும், இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணி என்றும், தளர்நடை நடந்து வருமாறு அழைக்கும் ஓராண்டளவை வாரானை என்றும் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பாடல்கள் பாடினார்கள். கை தட்டுவதற்கு ஒரு பருவத்தையே ஒதுக்கிய மொழியில் பிறந்த நாம், அந்தக் கை தட்டலைப் பதிவு செய்து அனுப்பினால் போதும் என்று இருந்துவிடுகிறோம்.

இடமாற்றத்தால் குழந்தையின் வளர்ச்சி பின்தங்கிவிடும், நடை வந்த பிறகே வீடு மாற வேண்டும் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. புது வீட்டில் முதல் சில நாள்கள் தூக்கம் குலைவதும், தாயை விட்டு இறங்க மறுப்பதும் உண்மைதான். ஆனால் நடைக்கு என்று ஒரே ஒரு மாதம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட ஆய்வின்படி, நலமான குழந்தைகள் பிடிமானமின்றி நடக்கத் தொடங்கும் காலம் 8 மாதத்திலிருந்து ஏறத்தாழ 18 மாதம் வரை விரிந்திருக்கிறது. தவழாமலேயே நேராக எழுந்து நின்று நடந்துவிடும் குழந்தைகளும் அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு இளம் தாயைக் கலங்க வைப்பதை விட்டுவிட்டு, அவள் தண்ணீர் எடுக்கப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அது பேருதவி.

இன்னும் சில வேலைகள் உண்டு. தாய் சேய் நல அட்டையைப் புதிய ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியும் வைட்டமின் ஏ மருந்தும் தவறக் கூடாது. குடும்ப அட்டையில் முகவரி மாற்ற வேண்டும், மகளின் பெயரைச் சேர்க்க வேண்டும். அங்கன்வாடியில் சத்துமாவுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். இவற்றுக்கு நான் ஒருத்தியே கைக்குழந்தையோடு பேருந்து ஏறியிருந்தால் எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று நினைக்கவே மலைப்பாக இருக்கிறது. தடுப்பூசி போடும் புதன்கிழமையில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் நின்ற ஒரே ஆண் என் கணவர்தான். ஊசி போட்டபோது வீறிட்ட மகள் அவருடைய சட்டையைத்தான் பற்றிக்கொண்டாள்.

விடுப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாத் தொழிலாளருக்கும் இல்லை என்பதை அறிவேன். நிறுவனம் கொடுக்கும் நாளில் வர வேண்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. விசைப்படகில் செல்வோர் தடைக்காலத்தில்தான் தொடர்ந்து பல நாள்கள் வீட்டில் இருக்க முடியும். அந்த மாதங்களில் அவர்களுக்கு வருமானமும் இல்லை, அரசின் நிவாரணத் தொகையைக் கொண்டே குடும்பம் நடக்கிறது. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அந்த 61 நாள்களின் தொடக்கத்திலேயே எளிமையாகப் பால் காய்ச்சிவிட்டால் மீதி நாள்கள் முழுவதும் வீட்டுக்கும் பிள்ளைக்கும் கிடைக்கும் என்பதே. கடன் வாங்கி விருந்து வைக்க வேண்டாம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. கடலுக்குத் திரும்பியதும் முதல் மாதங்களின் பங்கு அந்த வட்டிக்கே போய்விடுகிறது.

ஆவணியில் முகூர்த்தம் பார்த்திருப்பவர்கள் என் நட்பு வட்டத்திலேயே சிலர் இருக்கிறார்கள். கைக்குழந்தை இருந்தால், பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் கணவனும் மனைவியும் விடுப்பைப் பற்றி ஒருமுறை விரிவாகப் பேசுங்கள். பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அத்தை முதலில் வருந்தினாலும், பேத்தி தந்தையின் மார்பில் தூங்கியதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எங்கள் தெருவில் வீடு கட்டும் இன்னொரு குடும்பத்துக்கு அவரே போய் எங்கள் கதையைச் சொல்லியிருக்கிறார்.

மகள் நடக்கத் தொடங்கியபோது என் கணவர் மீண்டும் வெளிநாட்டில் இருந்தார். நடையைத் திரையில்தான் பார்த்தார். இப்போது அடுத்த விடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். மாடி எடுக்க அதுதான் நல்ல சமயம் என்று உறவினர் யோசனை சொல்கிறார்கள். மகளுக்கு இரண்டு வயது நிறைந்து அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கும் மாதத்தைக் குறித்து வைத்து, அதற்கேற்ப அவர் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்.