சமைத்த இறைச்சியிலும் விலங்கின் இனத்தை அறிய முடியும்

மான் இறைச்சியைக் குழம்பாக்கிவிட்டால் அது மானா ஆடா என்று எந்த ஆய்வகத்தாலும் சொல்ல இயலாது என்ற செய்தியை இங்குப் பலர் பகிர்ந்துள்ளனர். அது சரியன்று. கொதிக்கும்போது டிஎன்ஏ துண்டு துண்டாக உடைவது உண்மைதான். ஆனால் உட்கரு டிஎன்ஏ செல்லுக்கு இரண்டு நகல்களே இருக்க, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருப்பதால், அதிலுள்ள, இனத்துக்கு இனம் வேறுபடும் சைட்டோகுரோம் பி என்ற மரபணுவின் ஒரு சிறு துண்டாவது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இனத்தைச் சொல்ல அதுவே போதும். (கரியாகும்வரை கருகிய துண்டு வேறு கதை.) ஐயமுள்ளவர்கள் ஜென்பேங்க் என்ற மரபணுத் தரவுத் தளத்தில் புள்ளிமான், வெள்ளாடு இரண்டின் சைட்டோகுரோம் பி வரிசைகளையும் எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் பிளாஸ்ட் என்ற இணையக் கருவியில் ஒப்பிட்டால், எந்தெந்த இடங்களில் வேறுபடுகின்றன என்பது எழுத்துக்கு எழுத்து தெரியும். இம்மரபணுவைக் கொண்டு இனங்காணும் முறையை ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சிசிஎம்பி) ஆய்வாளர்கள் 2003-இலேயே வெளியிட்டுள்ளனர்.