மரபணு மட்டுமே காரணம் அல்ல

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தொற்றுள்ளவர்களுள் யாருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் என்பதை மரபணுவே முடிவு செய்கிறது என்று நான் படித்த கட்டுரை ஒன்று கூறுவது மிகையானது. சீனாவில் இத்தொற்றுள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு, முதலாம் குரோமோசோமில் கேஐஎஃப்1பி (KIF1B) என்னும் மரபணுவிலுள்ள ஒரு மாறுபாட்டை இப்புற்றுநோயோடு தொடர்புபடுத்தியது உண்மைதான். ஆனால் 2012இல் ஜப்பானியர், கொரியர், ஹாங்காங் சீனர் ஆகியோரிடம் அதே மாறுபாட்டைச் சோதித்தபோது அத்தொடர்பு தென்படவில்லை. இதை அக்கட்டுரை குறிப்பிட்டிருக்க வேண்டும்.

இரத்தத்திலுள்ள வைரஸின் அளவு, சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் தழும்பேற்றம், மது, பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு ஆகியவை நோய் அபாயத்தை வெகுவாக உயர்த்துகின்றன. தைவானில் 1984இல் பச்சிளங் குழந்தைகளுக்கு இத்தொற்றுக்கெதிரான தடுப்பூசி போடத் தொடங்கியபின், 6 முதல் 14 வயதுச் சிறாரிடையே இப்புற்றுநோய் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 0.70 என்ற நிலையிலிருந்து 0.36 ஆகக் குறைந்தது. மரபுக்கூறுகள் மாறாத அதே மக்களிடத்தில்தான் இது நிகழ்ந்தது.

என் வீட்டிலும் இத்தொற்றுள்ள ஒருவர் இருக்கிறார். இத்தகைய செய்தியொன்றைப் படித்துவிட்டு, "மரபணுவிலேயே எழுதியிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எதற்கு?" என்று அவர் கேட்டதனாலேயே இவ்வளவும் எழுத நேர்ந்தது.