நாயோடும் சைக்கிளோடும் பெங்களூரில் வீடு தேடுகிறவர்களுக்கு

கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேலை மாறிப் பெங்களூருக்கு வரும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, அலுவலகத்திலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் வீடு பார்க்கலாம் என்பதுதான். நீங்கள் சைக்கிளில் வேலைக்குப் போகிறவராகவும், வீட்டில் ஒரு நாயை வளர்ப்பவராகவும் இருந்தால் அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது வீட்டு வாசலைச் சுற்றியுள்ள அரைக் கிலோமீட்டரை. சைக்கிளுக்கு ஒரு பாதை சரிப்படாவிட்டால் இன்னொரு பாதையைத் தேடிக்கொள்ளலாம். அலுவலகமே கூட இரண்டு வருடத்தில் மாறலாம். நாய்க்குக் காலையும் இரவும் அதே தெரு, அதே முனை, அதே மரத்தடிதான். அந்தத் தெரு அதற்கு ஒத்துவரவில்லையென்றால், வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் தினமும் இரண்டு வேளை அந்த விலங்கும் அதைப் பிடித்துச் செல்பவரும் துன்பப்படுவார்கள்.

தூரத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அதைக் கிலோமீட்டரில் அளப்பதைவிட, வீடு திரும்பும் நேரம் எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பதில் அளக்க வேண்டும். போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டரைக் காரில் கடக்கச் சராசரியாக 28 நிமிடம் 10 விநாடி ஆனது. சைக்கிளில் அதே தூரத்துக்கு நாற்பது நிமிடம் ஆகும் என்பதால், சராசரியை மட்டும் பார்த்தால் கார்தான் முந்துகிறது. பகல் முழுக்கத் தனியாக இருந்து, கதவு திறக்கும் நேரத்துக்குத் தன் உடம்பைப் பழக்கி வைத்திருக்கும் நாய்க்குச் சராசரியால் பயன் எதுவும் இல்லை. மழை பெய்த வெள்ளிக்கிழமை மாலையில் வெளிவட்டச் சாலையில் காரில் சிக்கியவர் எப்போது வீடு சேர்வார் என்று அவராலேயே சொல்ல முடியாது. சைக்கிளில் வருகிறவர் நனைந்துகொண்டே வந்தாலும், வழக்கமான நேரத்தை ஒட்டியே வந்து சேர்ந்துவிடுவார். அதனால்தான் நாய் வளர்ப்பவர்களுக்குச் சைக்கிள் மிகப் பொருத்தமான வாகனம் என்று நான் நம்புகிறேன். ஆறிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ அரை மணி நேரம், தினமும் தாங்கக்கூடிய தூரம்.

இனி அந்த அரைக் கிலோமீட்டருக்கு வருகிறேன். தெருநாய்களைப் பற்றித் தரகர் எதுவும் சொல்லமாட்டார். நாமாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும். சைக்கிள்காரரும் நாய் வளர்ப்பவரும் ஒரே அளவுக்கு அஞ்ச வேண்டிய விஷயம் இது. ஓடும் சக்கரத்தைக் கண்டால் துரத்தும் நாய்க்கூட்டம், கயிற்றில் வரும் புதிய நாயைக் கண்டாலும் தன் எல்லைக்குள் விடாது. கயிற்றில் கட்டுண்ட நாயால் விலகி ஓடவும் முடியாது என்பதால், அது அச்சத்தில் முதலில் சீறும். அதிலிருந்துதான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன. ஆகவே வீடு பார்க்கப் போகும்போது, பகல் பதினொரு மணிக்குப் போவதோடு நிறுத்தாமல், காலை ஆறு மணிக்கு ஒருமுறையும் இரவு ஒன்பதரைக்கு ஒருமுறையும் தனியாக அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். நாய்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் காதுகளைக் கவனியுங்கள். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடப்பட்ட நாயின் காதில் அடையாளமாகச் சிறு வெட்டு இருக்கும். 2023 ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் இந்த முறையையே வகுத்துள்ளன. காது வெட்டப்பட்ட நாலைந்து நாய்கள் படுத்திருக்கும் தெரு, பெரும்பாலும் யாரோ ஒருவர் அக்கறையோடு சோறு வைத்துப் பார்த்துக்கொள்ளும் தெரு. அந்த நாய்கள் ஒரு வாரத்தில் உங்கள் நாயின் வாசனைக்குப் பழகிவிடும். குட்டிகளோடு ஒரு பெண் நாயும், காதில் வெட்டு இல்லாத இளம் ஆண் நாய்களும், மூடாத குப்பை மேடும் ஒரே முனையில் தென்பட்டால், அந்த வீட்டை நான் எடுக்கமாட்டேன்.

பூங்காவை நம்பி வீடு எடுப்பதையும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் நாய்க்குத் திறந்திருக்கும் இடம் இல்லை. லால்பாக்கில் வளர்ப்பு நாய்களை அனுமதிப்பதில்லை. மாநகராட்சியின் பல பூங்காக்களிலும் ஏரிக்கரை நடைபாதைகளிலும் இதே தடைப் பலகை உண்டு. கப்பன் பூங்காவில் கயிற்றோடு அழைத்துச் செல்லலாம். 2022 இல் அங்கும் தடை வரப்போவதாகப் பேச்சு எழுந்து, எதிர்ப்புக்குப் பிறகு கைவிடப்பட்டது. காலையில் ஒரு மணி நேரமாவது எல்லாப் பூங்காக்களையும் கயிற்றில் வரும் நாய்களுக்குத் திறந்துவிட வேண்டும், கழிவை அள்ளாதவர்களுக்குக் கடுமையான அபராதம் விதிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அது நடக்கும் வரை, மரநிழலும் நடைமேடையும் உள்ள அமைதியான கிராஸ் சாலைகளே, அதாவது குறுக்குத் தெருக்களே, நாயின் பூங்கா.

தெருக்களின் அமைப்பு இங்கே மிகவும் முக்கியமாகிறது. ஜெயநகர், இந்திராநகர், எச்.எஸ்.ஆர். லேஅவுட் போலத் திட்டமிட்டு மெயின், கிராஸ் என்று கட்டம் கட்டமாகப் பிரித்த பகுதிகளில், நெரிசலான மெயின் சாலைக்கு இணையாக ஒரு சிறிய சாலை எப்போதும் கிடைக்கும். சைக்கிள்காரர் அதில் போகலாம்; நாயும் அதில் நடக்கலாம். பெல்லந்தூர், பாணத்தூர், கசவனஹள்ளி போன்றவை ஊராக இருந்து, வயல்களும் தோப்புகளும் மனைகளாகி நகரத்தோடு சேர்ந்தவை. அங்கே அலுவலகம் கூப்பிடு தூரத்தில் இருக்கலாம். ஆனால் ஊருக்குள் போக வர ஒரே குறுகிய சாலைதான். அதில் கார்களும், பள்ளிப் பேருந்துகளும், தண்ணீர் டேங்கர்களும் போட்டியிடும். ஓரத்தில் சைக்கிளுக்கு இடம் இருக்காது, நாய்க்கு நடைமேடையும் இருக்காது. மூன்று கிலோமீட்டர் தொலைவில் அப்படி ஓர் இடத்தைவிட, ஏழு கிலோமீட்டர் தொலைவில் ஒரு பழைய லேஅவுட்டையே நான் தேர்ந்தெடுப்பேன்.

சைக்கிள் தடம் இருக்கிறது என்று விளம்பரத்தில் கண்டால் நேரில் போய்ப் பார்க்காமல் நம்பாதீர்கள். ஜெயநகரில் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட தடங்களில் கார்கள் நிற்கின்றன. வெளிவட்டச் சாலையில் 2020 இல் தடுப்புக் குச்சிகள் நட்டு அமைத்த தடமும், அந்தக் குச்சிகள் உடைந்தும் மெட்ரோ பணிக்காக அகற்றப்பட்டும் கரைந்துபோனது. இருக்கும் சாலையில், இருக்கும் போக்குவரத்தில், வேலை நாளின் காலை எட்டரை மணிக்கு ஓட்டிப் பார்ப்பது ஒன்றே சோதனை.

வரைபடத் தூரம் ஏமாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நகரின் கிழக்கில் எச்.ஏ.எல். விமான நிலையம், ராணுவ நிலங்கள், பெல்லந்தூர் ஏரி ஆகிய மூன்றும் குறுக்கே கிடப்பதால், ஜீவன் பீமா நகரிலிருந்து பெல்லந்தூருக்கு நேர்க்கோட்டில் போக முடியாது. பழைய விமான நிலையச் சாலையையும் யெமலூரையும் சுற்றித்தான் போக வேண்டும். சரிவையும் கணக்கில் கொள்ளுங்கள். நகரின் நடுவே ஒரு மேட்டு முதுகு ஓடுகிறது. அதன் மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாகக் காவிரிக்கும், கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக நம் ஓசூரைத் தொடும் தென்பெண்ணைக்கும் போகிறது. அலுவலகங்கள் நிறைந்த கிழக்குப் பள்ளத்தைவிட, பழைய குடியிருப்புகள் உயரமானவை. மேட்டில் குடியிருந்தால் காலையில் இறக்கத்தில் அதிகம் வியர்க்காமல் அலுவலகம் போகலாம். ஏற்றம் மாலையில் வரும், அப்போது வியர்த்தால் பாதகமில்லை. 2022 செப்டம்பரில் யெமலூர் போன்ற தாழ்ந்த இடங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து மக்கள் டிராக்டரிலும் படகிலும் வெளியேறியதை நாடே பார்த்தது. சைக்கிளை உள்ளே நிறுத்தவும், மூட்டு தளர்ந்த வயதான நாய் படியேறாமல் இருக்கவும் தரைத்தளமே ஏற்றது. ஆனால் தரைத்தளம் வேண்டுமென்றால் மேட்டில் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, கிழக்கே வேலை உள்ள தமிழருக்கு நான் முதலில் சொல்வது ஜீவன் பீமா நகர், அடுத்து அல்சூரை ஒட்டிய மர்பி டவுன் பக்கம். இரண்டாவது கொஞ்சம் தொலைவு, தெருக்களும் குறுகல். ஆனாலும் அங்கே பக்கத்து வீட்டு அக்கா தமிழில் பேசுவார் என்பது சிறிய விஷயம் இல்லை. நாம் வர நேரமாகும் நாளில் சாவியைக் கொடுத்து, நாய்க்குத் தண்ணீர் வைக்கச் சொல்ல ஒருவர் வேண்டும். பெயரும் பழக்கமும் தமிழிலேயே கேட்டு வளர்ந்த நாய், அந்த அக்காவின் குரலுக்கு எளிதில் வாலாட்டும். தென்கிழக்கில் வேலை என்றால் எச்.எஸ்.ஆர். லேஅவுட் நல்ல தேர்வு, வாடகை அதிகம்.

பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தினாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாய்களைத் தடை செய்ய முடியாது, லிஃப்ட் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம் வாங்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைக் காட்டி வாதாடி வெல்லலாம். ஆனால் நாளெல்லாம் முகம் பார்த்து வாழ வேண்டிய அண்டை வீட்டாரோடு வாதாடி வென்ற இடத்தில் நாயும் நிம்மதியாக இருக்காது, நாமும் இருக்கமாட்டோம். போதாக்குறைக்கு, காருக்கு இடம் ஒதுக்கும் இந்தக் குடியிருப்புகள் பலவற்றில் சைக்கிளைப் பூட்டி வைக்க ஒரு கம்பிகூட இருக்காது. நாலைந்து குடும்பங்கள் மட்டும் வாழும் சிறிய கட்டடத்தில் எல்லோரிடமும் நேரில் போய்ப் பேசிவிடலாம்.

கடைசியாகப் பணம். மத்திய அரசின் 2021 ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. பெங்களூரில் நடைமுறை வேறு. ஆறு மாதம், சில இடங்களில் பத்து மாதம் கேட்பார்கள். அவ்வளவு பணத்தைக் கொடுக்கும்போது, வீட்டில் நாய் இருப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாகச் சரி என்றவரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்ததும் நிலைமை மாறிய கதைகள் இங்கே நிறைய. குடிபுகும் முன் கதவுகளையும் சுவர்களையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். நகக் கீறலுக்காக முன்பணத்தில் கழிப்பது வழக்கமான தகராறு. முடிந்தால் கையெழுத்துக்கு முன் நாயையும் ஒரு மாலை அழைத்துச் சென்று வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். அவர் குனிந்து தொட்டுப் பார்க்கிறாரா, இரண்டடி பின்வாங்கி நின்று பேசுகிறாரா என்பதைப் பார்த்துவிட்டு அட்வான்ஸை எடுக்கலாம்.