சிப்பி மட்டும் போதாது, மணலையும் கேட்க வேண்டும்
காவிரி டெல்டாவின் வயதைச் சிப்பிகளின் கதிரியக்கக் கார்பனை (உயிர் போனபின் சீராகக் குறைந்துகொண்டே வருவது) வைத்துக் கணக்கிடலாம் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். சரிதான், ஆனால் அது பாதிக் கதை. எங்கள் திருத்துறைப்பூண்டி பக்கம் போர் போடும்போது களிமண்ணுக்கு அடியில் சிப்பி வரும், வந்தால் உப்புத்தண்ணியும் வருமோ என்று போர்க்காரர் முகம் வாடிவிடும். அந்தச் சிப்பி சொல்லும் வயதையும் அப்படியே நம்ப முடியாது. கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால், திருத்தம் செய்யாவிட்டால் சிப்பி தன் வயதைச் சில நூறு வருஷம் கூட்டிச் சொல்லும்.

வேதாரண்யத்து மணல்மேடுகளில் சிப்பியே கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? அதற்குத்தான், மணல் கடைசியாக வெயில் பார்த்து எத்தனை காலம் ஆனது என்று சொல்லும் ஒளிர்வு முறை. வெயில் பட்ட குவார்ட்ஸ் மணலின் கடிகாரம் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும், புதைந்த பிறகு சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சை அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிக்கும், ஆய்வகத்தில் நீல ஒளி பாய்ச்சினால் சேமித்ததை ஒளியாகக் கக்கும். சேமித்த மொத்தத்தை ஓர் ஆண்டின் வரவால் வகுத்தால் வயது. வட்டிக் கணக்கை விட எளிது! மாதிரியில் வெளிச்சம் படக்கூடாது என்பதால் குழாயை அடித்து இறக்கி, முனைகளை மூடித்தான் எடுப்பார்கள். கலங்கல் வெள்ளத்தில் வெயில் படாமல் புதைந்த ஆற்றுமணல் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்.

அப்புறம், கல்லணைதான் டெல்டாவை உருவாக்கியது என்ற வரியைத் திருத்துங்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அது ஏறி, வேகம் தணிந்த பிறகுதான், சுமார் 8,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் பெரும்பாலான இன்றைய டெல்டாக்கள் வளரத் தொடங்கின. கரிகாலன் வந்தது வெகு பிற்பாடு.