பத்து மாசமும் கேமராவை யாருப்பா பிடிக்கிறது?

வயிற்றில் சாத்தான் வளரும் கதையை ஃபவுண்ட் ஃபுட்டேஜில், அதாவது கதாபாத்திரங்களே எடுத்த வீடியோ நம் கையில் கிடைத்ததுபோலக் காட்டும் பாணியில், எடுக்கிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போடுவதே இல்லை. 1999-இல் இதே பாணியில் வந்த 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்' காட்டுக்குள் சில நாட்களோடு முடிந்துவிடும். கர்ப்பம் 40 வாரம். அத்தனை நாளும் கேமரா ஓடக் காரணம் வேண்டாமா? முதலில் தேனிலவு வீடியோ, அப்புறம் 'பிறக்கப்போகும் குழந்தைக்காக'. அதுவும் தீர்ந்ததும் கண்காணிப்புக் கேமரா. 'டெவில்ஸ் டியூ' (2014) படத்தில் வீடு முழுக்க அதை ஒளித்துவைப்பது சாத்தானை வழிபடும் கும்பலே. சரி, அத்தனையையும் உட்கார்ந்து வெட்டி ஒட்டியது யார்?

இதைவிடப் பெரிய ஓட்டை, கேமரா கணவன் கையில் இருப்பது. பயம் அவள் வயிற்றுக்குள். நாம் நிற்பதோ அவன் தோளுக்குப் பின்னால். சாதாரணப் பாணியில் இதே கதையைச் சொன்ன 'ரோஸ்மேரிஸ் பேபி' (1968) கர்ப்பிணி நாயகியைவிட்டு நகரவே நகராது. பச்சை ஈரலைத் தின்றுகொண்டிருப்பவள் டோஸ்டரில் தன் முகத்தைப் பார்த்துத் திடுக்கிடுவாள், கூடவே நமக்கும் குமட்டும். ஃபவுண்ட் ஃபுட்டேஜிலோ அவள் பச்சைக்கறி தின்றால் நமக்குக் கிடைப்பது கணவனின் 'என்னம்மா பண்றே?' மட்டும்.

ஸ்கேன் திரை கோடு கோடாய் ஆடுவது, விளக்கு மினுக்குவது எல்லாம் வழக்கமான சரக்கு. பிரசவ நேரத்தில் மட்டும் கேமரா தவறாமல் கீழே விழும்.